பாலத்தில் நாற்பத்தொரு சாவு

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். கதவை ஒட்டிய நாற்காலியில் மீசைக்காரர். ஜன்னலோரம், வங்கி வேலையை உதறிவிட்டு வந்த நெட்டையன். இருவருக்கும் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே அவள். எதிரே, மேசைக்குப் பின்னால் மேலாளர் அம்மாள்.

மணி பத்தே கால். அதற்குள் மீசைக்காரர் பதினேழு பேரைக் கொன்றிருந்தார். நெட்டையன் இருபத்திரண்டு. அவள் நான்கு முறை செத்திருந்தாள்.

மூவர் கையிலும் உள்ளங்கையளவு விளையாட்டுக் கருவி. மூன்றிலும் ஒரே துப்பாக்கிச் சண்டை. இன்னும் கடைக்கு வராதது. 'எத்தனை முறை ஆடினாலும் அலுக்காது' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. விளம்பரத்தில் 'விளையாட ஆள் தேவை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மணி வரை ஆடச் சொன்ன அம்மாளும் வேறெதுவும் விளக்கவில்லை. அது அந்த அலுவலகத்தின் வழக்கம்.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம், தையலில் குறை தேடும் செக்கிங் மேசையில் நின்றவள். தொழிற்சாலையை மூடியதிலிருந்து மகளோடு அக்கா வீட்டில் இருக்கிறாள். இந்த வேலையும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி, அக்காவின் கணவர் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூன்றாம் கட்டத்தில் ஒரு பாலம். சிவப்புத் துணி கட்டிய ஒருவன் அதன் நடுவில் கத்தியோடு நின்றான். அவள் சுட்டாள். தலை சிதறி, ரத்தம் பாதித் திரையை மூடியது. தோட்டா மாற்றிக்கொண்டு ஓரடி வைத்தாள். தலையில்லாத உடம்பு எழுந்து வந்து அடிவயிற்றில் கத்தியை இறக்கியது. குடல் சரிந்தது. ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது.

மறுமுறை குனிந்து சுட்டாள்; தோட்டா மாற்றியதும் எழுந்து கழுத்தை அறுத்தான். அடுத்து இடப்பக்கச் சுவரோடு ஒட்டி நின்று சுட்டாள். முதுகில் குத்தி ஆற்றில் தள்ளினான்.

மீசைக்காரருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாலத்தின் மேல் நின்று யாராவது சுடுவார்களா, கையெறி குண்டை வீசிவிட்டு ஒரே ஓட்டமாக ஓட வேண்டாமா என்று கேட்டார். தான் இரண்டாம் முறையாக முடிக்கப் போவதையும் சேர்த்தே சொன்னார். அவள் தலையாட்டினாள். குண்டை வீசவில்லை.

பன்னிரண்டு மணிவாக்கில், பாலத்தடியிலேயே தோட்டா மாற்றிக்கொண்டு ஏறினாள். சுட்டாள். விழுந்தவன் விழுந்தபடியே கிடந்தான். அவள் அக்கரைக்கே போய்விட்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, திரும்பி நடந்து பாலத்தின் நடுவுக்கு வந்து மறுபடி தோட்டா மாற்றினாள். கிடந்தவன் எழுந்து அவள் கையை வெட்டி எறிந்தான்.

நெட்டையன் எட்டிப் பார்த்தான். "ஏங்க்கா, சாகறதுக்குன்னே திரும்பி வந்தீங்களா? உங்களைப் புதைக்கவே தனி ஊர் வேணும் போலிருக்கே."

மணி ஒன்று அடித்ததும் அம்மாள் ஒவ்வொருவராக விசாரித்தார். மீசைக்காரர் இரண்டு முறை முடித்திருந்தார். நெட்டையன் மூன்று முறை. நானூறு தலைக்கு மேல். இருவரும் நன்றாகச் சுடுவதாக அம்மாள் ஒப்புக்கொண்டார்.

"நீங்க?"

"பாலத்துலயே நின்னுட்டேன் மேடம். நாப்பத்தொரு தடவை செத்தேன்."

நெட்டையன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கரைக்குப் போன பிறகு ஏன் திரும்பினாள் என்று அம்மாள் கேட்டார்.

"கீழயே தோட்டா மாத்திட்டு வந்தா அவன் எழுந்திருக்கல. பாலத்து மேல மாத்தினா எழுந்துடறான். நெஜமா அதனாலதானான்னு பாத்துப் பாத்து, நேரம் போயிடுச்சு."

அம்மாள் கணினிப் பக்கம் திரும்பி ஒரு கடிதம் தட்டினார். அச்சாகி வந்த தாளை மூன்றாக மடித்து, உறையில் இட்டு, விளிம்பை விரலால் அழுத்தி ஒட்டினார். வாசலில் கூரியர்காரர் வந்து நின்றார். மீசைக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நெட்டையன் எழுந்தே நின்றுவிட்டான்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

அம்மாள் அவளைக் கூப்பிட்டு உறையை நீட்டி, கூரியர்காரரிடம் கொடுக்கச் சொன்னார். வேலை இன்னொருவருக்கு, எடுபிடி தனக்கு என்று எண்ணியபடியே வாங்கினாள். பெறுநர் இடத்தில் இருந்தது, அந்த விளையாட்டைத் தயாரித்த நிறுவனத்தின் முகவரி.

கூரியர்காரர் கையை நீட்டினார். அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அம்மாள் பேனாவை மூடி கழற்றி அவளிடம் கொடுத்தார்.

"அனுப்புநர் இடம் காலியா இருக்கு பாருங்க. பிழையைக் கண்டுபிடிச்சது நீங்கதானே? உங்க பேரை எழுதி, கீழே பரிசோதகர்னு போட்டு அனுப்புங்க."