பதினொரு மணிக் கிண்ணம்

மாஸ்டர் இன்றைக்கும் கிண்ணத்தோடு வந்து நின்றார். உள்ளே ஆவி பறக்கும் சூப்.

இருபது வருடமாக ஆலை கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைப்பவர். ஒரு நாளாவது வீட்டுக்கு ஒரு கரண்டி குழம்பு கொண்டுவந்திருப்பாரா? மூன்று வாரமாகத்தான் இந்தக் கரிசனம். பதினொரு மணி அடித்தால் மனைவிக்கு ஒரு கிண்ணம்.

காய்ச்சலில் படுத்து எழுந்தவர் திருந்திவிட்டார் என்றுதான் முதலில் அவள் நினைத்தாள். அப்புறம், கேன்டீனில் காய் நறுக்கப் புதிதாக ஒருத்தி சேர்ந்திருப்பது காதில் விழுந்தது. அன்றிலிருந்து கிண்ணத்தைச் சந்தேகத்தோடுதான் வாங்கினாள்.

இன்னொன்றும் உறுத்தியது. அவர் இப்போதெல்லாம் குறையே சொல்வதில்லை.

அவள் சமையலில் பெரிய திட்டமெல்லாம் கிடையாது, மிஞ்சியது வீணாகக் கூடாது, அவ்வளவுதான். திங்கட்கிழமைப் பருப்பில் செவ்வாய்க்கிழமை கீரை விழும். புதன்கிழமை தண்ணீர் கூடும். எந்த வேஷம் போட்டாலும் மாஸ்டர் மூக்கு கண்டுபிடித்துவிடும். முந்தாநாள் பருப்பு சட்டை மாற்றி வந்திருக்கிறதா என்று நக்கலடிக்காமல் தட்டில் கை வைக்க மாட்டார்.

இப்போது எதைப் போட்டாலும் பிரமாதம். தப்பு செய்கிற புருஷன்தான் இப்படிக் குழைவான்.

இன்று நேற்றுச் சோற்றில் இருக்கிற காயெல்லாம் போட்டுக் கிளறியிருந்தாள். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அருமை என்றார். பிறகு அவள் முகத்தையே பார்த்தார்.

"சூப்புல உப்பு சரியா இருக்கா?"

ஒரு மடக்கு குடித்தாள். கச்சிதமாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சப்புனு இருக்கு. இன்னும் நல்லா அள்ளிப் போடுங்க."

சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் கைவைத்து நின்றாள். தன் சமையலைக் குறை சொன்னவரை மாஸ்டர் சும்மா விட்ட சரித்திரமே இல்லை. இன்று தலையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

எவளைப் பார்க்க இந்த ஓட்டம்?

பொருமிக்கொண்டே தனக்கும் அந்தச் சோற்றைப் போட்டு ஒரு வாய் வைத்தாள்.

துப்பினாள்.

உப்பே இல்லை. காலையிலிருந்து இருந்த எரிச்சலில் போட மறந்திருக்கிறாள்.

இதையா வழித்துச் சாப்பிட்டார்?

தட்டைத் தள்ளப்போன கை அப்படியே நின்றது. அந்தக் காய்ச்சலோடு அவருக்கு நாக்கு செத்துப்போயிருக்கிறது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். நானூறு பேர் சாப்பாட்டுக்கும் அவள் நாக்கை நம்பித்தான் தினமும் வந்திருக்கிறார்.

பாவி, என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? அழ நேரமில்லை. கையைக்கூடக் கழுவாமல் தெருவில் இறங்கினாள்.

தெருமுனையில் மாஸ்டர் ஆலைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். உப்பைப் போட்டுவிடாதீங்க என்று கத்த வாயெடுத்தாள்.

கேட் அருகில் மேனேஜர் நின்றிருந்தார்.

வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.