பத்து எண்ணும் வரை

சுராபாயாவில், நரம்புப் பரிசோதனை அறையின் குழல்விளக்கு வெளிச்சத்தில், செருப்பு ஆலைத் தொழிலாளி வினார்சியின் மணிக்கட்டில் மின்முனையை அழுத்துகிறாள் பரிசோதகர் ரெத்னோ. கரண்ட் பாய்ந்ததும் கட்டைவிரல் லேசாகத் துடிக்கிறது. திரையில் அந்தத் துடிப்பைக் காட்டும் அலை எறும்புப் புற்றளவுக்கே எழும்புகிறது. "வேலைக்குப் பயந்து நடிக்குது, தங்கச்சி. அப்படியே எழுதிக் குடுங்க, சீட்டைக் கிழிச்சிடுறோம்," என்கிறார் கதவில் சாய்ந்திருக்கும் ஆலை மேஸ்திரி ஹர்தோனோ. ரெத்னோ திரும்பவில்லை. "அக்கா, முஷ்டிய நல்லா இறுக்குங்க. பத்து எண்ணுறேன்." வினார்சியின் மேலுதட்டில் வியர்வை அரும்புகிறது. "பத்து. கைய விடுங்க," என்கிறாள் ரெத்னோ. மறுபடியும் கரண்ட். அலை மூன்று மடங்கு உயரத்துக்கு எழுகிறது. "உசுப்பிவிட்டாத்தான் இவங்க நரம்பு தசையோட பேசுது. இது நோய். கரண்ட் குடுத்தது நான், இதுல அவங்க எங்கய்யா நடிச்சாங்க?" அடுத்தடுத்த கரண்டில் அலை சுருங்கிக்கொண்டே வருகிறது. அதைப் பார்த்த வினார்சி, யாரும் சொல்லாமலே மறுபடி முஷ்டியை இறுக்குகிறாள்.