பவுனுக்குப் பூக் கேட்ட கதை

"இந்தக் கையெழுத்த நான் போடமாட்டேன். போட்டா நான் அருள்குமார் இல்ல!"

கிணத்துக்கடவில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் மனுஷன், உக்கடத்தில் ஒரு செல்லப்பிராணி கிளினிக்கில் நின்றுகொண்டு சபதம் போட்டார். எதற்கு? முக்கால் கிலோகூடத் தேறாத ஒரு கினி பிக்குக்கு! எலிக்கு அண்ணன், முயலுக்குத் தம்பி என்று சொல்லலாம், அவ்வளவுதான் ஆள்.

லோகப்பிரியாவுக்கு மானமே போயிற்று. நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் புருஷனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய நாயும் பார்த்தது.

கினி பிக்குக்குப் பவுனு என்று பேர். ஒரே மகள் கனிஷ்காவுக்கு உசிரே அதுதான். நேற்றிலிருந்து தீனியைத் தொடவில்லை. மூத்திரம் போகும்போதெல்லாம் கீச்சென்று கத்துகிறது. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, இருவரும் கூடையோடு வந்திருந்தார்கள்.

டாக்டர் மேக்னா பொறுமையாகத்தான் சொன்னார்.

"உள்ள கல்லு இருக்குதான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கோணுங்க. தொட்டாலே துள்ளுது. லேசா ஒரு மயக்க ஊசி போட்டா அசையாமப் படுத்துக்கும். அமுக்கிப் புடிச்சும் எடுக்கலாம், ஆனா இதுக்கெல்லாம் பயமே ஆகாது. ரெண்டுலயும் கொஞ்சம் ஆபத்து இருக்குங்க. நானா இருந்தா ஊசிதான் போடுவேன். ஊசின்னா சம்மதம்னு கையெழுத்துப் போடோணும். முடிவு நீங்கதான் சொல்லோணும்."

"ஊசியே போட்டுருங்க டாக்டர்," என்றாள் லோகப்பிரியா.

"நல்லா இருக்குதே நாயம்! இத்தனூண்டு சீவன், தூங்கி எந்திரிக்காமப் போயிட்டா?"

"அமுக்கிப் புடிச்சு, பயத்துல நெஞ்சு நின்னுபோச்சுன்னா?"

"நான் புடிச்சுக்கறேன்."

"நீங்களா! பல்லி விழுந்தா ஊடே அதிரக் கத்துற ஆளு!"

நாய்க்காரர் சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அரை மணி நேரத்துல சொல்லிருங்க. தள்ளிப்போட்டா அதுக்குத்தான் கஷ்டம்," என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அருள்குமார் யோசித்தார். "ஒரே வழிதான். பூக் கேட்டுப்போடலாம்."

பொண்ணு பார்ப்பதானாலும் சரி, போர்வெல் போடுவதானாலும் சரி, மனசு ரெண்டுபட்டால் சாமியிடம் பூக் கேட்பது அவர்கள் ஊர் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். எது கைக்கு வருகிறதோ அதுதான் உத்தரவு. என்ன, மயக்க ஊசிக்குப் பூக் கேட்ட முதல் குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்.

பக்கத்துச் சந்திலேயே பிள்ளையார் கோயில். பவுனைக் கிளினிக்கில் விட்டுவிட்டு இருவரும் அங்கே போனார்கள்.

"வெள்ளை வந்தா ஊசி. செவப்பு வந்தா ஊசி கெடையாது. பொட்டலம் நான்தான் மடிப்பேன். நீ மடிச்சா ஏதாச்சும் தில்லுமுல்லு பண்ணிப்போடுவே."

"ஆமா, இவரு பெரிய உத்தமரு!"

அருள்குமார் முதுகைக் காட்டிக்கொண்டு ரெண்டு பொட்டலம் மடித்துப் பிள்ளையார் காலடியில் வைத்தார். பூசாரி கற்பூரம் எடுக்க உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து அருள்குமாரின் போன் அடித்தது.

"மண்டிக்கு லாரி வந்து நிக்குதாமா. இரு, வாரேன்," என்று வெளியே போனார்.

லோகப்பிரியா அக்கம்பக்கம் பார்த்தாள். ஒருத்தரும் இல்லை. சாமி குத்தம்தான். ஆனால் செவப்பு வந்துவிட்டால் பவுனு கதி என்ன ஆவது? 'பிள்ளையாரப்பா, கண்டுக்காதே. நூத்தியெட்டுத் தோப்புக்கரணம் போட்டுடறேன்' என்று மனசுக்குள் பேரத்தை முடித்தாள். கோயில் ஓரத்துச் செடியில் ஒரு வெள்ளை நந்தியாவட்டையைக் கிள்ளி உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டாள். செவப்பை எடுத்துவிட்டு அதை வைத்துவிடுவதுதான் திட்டம்.

ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை. சரி, செவப்பு மற்றதில் இருக்கும். அதையும் பிரித்தாள்.

அதிலும் வெள்ளை!

அடப்பாவி மனுஷா! ஊசி வேண்டாம், வேண்டாமென்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியவர், ரெண்டிலும் வெள்ளையையே மடித்து வைத்திருக்கிறார். அவள் அவசரமாகப் பழையபடி மடித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அருள்குமார் திரும்பி வந்ததும், பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். "வெள்ளைங்க."

அருள்குமார் முகத்தை ஒரு முழத்துக்குத் தொங்கப்போட்டார். "சாமியே சொல்லிப்போட்டுது. இனி நான் என்னத்தப் பேச?"

என்ன நடிப்பு, என்ன நடிப்பு! லோகப்பிரியா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

கையெழுத்துப் போட்டாயிற்று. ஊசியும் போட்டாயிற்று. மூடிய கதவையே பார்த்தபடி ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"கல்லெல்லாம் இல்லீங்க. மூத்திரப்பையில புண்ணு, மருந்துலயே ஆறிரும். கண்ணு முழிச்சாச்சு. கொத்தமல்லித் தழையக் கொறிக்குது."

அருள்குமார் வேர்வையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் லோகப்பிரியா ஆரம்பித்தாள். "ஏனுங்க, நான் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்துப்போட்டேன்."

சாவியைத் திருகப்போன அவர் கை நின்றது.

"பொண்டாட்டி பேச்சக் கேட்டா கவுரவம் கொறஞ்சுரும். அதே பேச்சப் பிள்ளையாரு சொன்னாக் கேப்பீங்க. அப்படித்தானுங்க?"

அவர் அவள் மடியிலிருந்த கூடையைத் திறந்து பவுனைத் தடவிக்கொடுத்தார்.

"டாக்டர் சொன்னப்பவே ஊசின்னு எனக்கும் முடிவாயிருச்சு லோகா. அதுக்குள்ள நீ முந்திச் சொல்லிப்போட்டே. உம்பேச்சக் கேட்டு ஊசி போட்டு, இது எந்திரிக்காமப் போயிருந்தா, 'அம்மாதான் கொன்னுபோட்டா'ன்னு கனிஷ்கா காலத்துக்கும் சொல்லுவாளே. பிள்ளையாரத் திட்டுனா அவரு தாங்கிக்குவாரு. நீ தாங்குவியா?"