மூன்று நிமிட வேலை

மின்சார காரின் தீர்ந்த பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றியதை மாட்ட மூன்றே நிமிடம். ஆனால் ரிடையரான மேனேஜர் ஒருவர், வேலை முடிந்த பிறகும் பேட்டரி நிலையத்தில் ஒரு மணி நேரம் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிப்பார்.

"வீட்டுல கேட்டா, மாத்த ஒரு மணி நேரம் ஆகும்னு சொல்லுப்பா. இங்கதான் எனக்கு நிம்மதி" என்று மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருந்தார்.

அன்று அவர் மனைவியே நிலையத்துக்குப் போன் செய்தார்.

மெக்கானிக்தான் எடுத்தான். "சார் இங்கதான் இருக்காரும்மா. முடிய ஒரு மணி நேரமாகும்."

"மூணு நிமிஷ வேலைதானேப்பா? என் தங்கச்சியும் இதே கார்தான் வச்சிருக்கா."

மெக்கானிக் பேப்பருக்குள் மூழ்கியிருந்த மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட மூச்சு விடாத. இன்னைக்கு மட்டும் எப்படியாவது ரெண்டு மணி நேரம் உட்கார வை. நானும் நிம்மதியா ஒரு படம் பாத்து முடிச்சுடறேன்."