துண்டுக்குள் கை

கோட்டைச் சுவரோர மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். முகத்தில் எதையும் காட்டக்கூடாது. பாதியில் கையை உருவியவன் மறுவாரம் சந்தையில் தலைகாட்ட முடியாது. மாயழகு துண்டுக்குள் கைவிட்டு, எதிர்த்தரகன் செல்லமுத்துவின் சுண்டுவிரலைப் பிடித்தார். செல்லமுத்து அவர் தங்கை புருஷன். நேற்று அவன் ஒடித்த இரண்டு விரல்களும் வீங்கித் தொங்க, அவள் அண்ணன் வீட்டுப் படியேறியிருந்தாள்.

“ஊர்ல மழை உண்டா மாப்ள?” என்று கேட்டபடியே மாயழகு விரலைப் பின்னால் மடக்கினார். துண்டுக்குள் சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது.

செல்லமுத்துவுக்கு நெற்றி வேர்த்துக் கொட்டியது. “தூறல்தான் மச்சான்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

“என்னண்ணே, இன்னும் படியலையா?” மாட்டுக்காரன் எட்டிப் பார்த்தான்.

“மாப்ள கைய உருவலியே” என்றபடி மாயழகு அடுத்த விரலைத் தேடினார்.