செல்லாத மன்னிப்பு

பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்த என் கணவர், ஜனாதிபதி மன்னித்ததால் வீடு திரும்பி ஒன்பது நாட்கள்தான் ஆகியிருந்தன. மதியம் சிறை அதிகாரி வந்தார்.

"சாப்பிட்டு முடிங்க இருதயம், கிளம்பலாம்."

"மறுபடி மாமியார் வீட்டுக்கா சார்?" என்று கணவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"கையெழுத்துப் போட்ட அன்னிக்குக் காலையில ஜனாதிபதிக்கு வயசாச்சுன்னு டாக்டருங்க வச்ச மனநிலைத் தேர்வுல அவரு தேறலை. இன்னிக்குத்தான் முடிவு வந்துச்சு. உங்க மன்னிப்பு செல்லாது."

"அப்படி என்ன தப்பா சொல்லிட்டாரு?"

"அவரு சம்சாரம் எங்கேன்னு கேட்டிருக்காங்க. அந்தம்மா செத்து நாலு வருஷம் ஆச்சு. 'வீட்டுல எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா'ன்னு சொல்லியிருக்காரு."

கணவர் கைகழுவிச் சட்டையை மாட்டினார்.

"அவரை யாராவது பாத்துக்கிறாங்களா சார்?" என்று கேட்டபடி வேனில் ஏறினார். வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.