எலுமிச்சைக்கு வந்த சொறி

"ஏலே, அந்தக் கத்தியை எதுக்கு மருந்துல முக்குற?" என்று கேட்டபடி இருளாயி கொல்லைக்கு வந்தாள்.

மகன் சங்கையா பிளாஸ்டிக் வாளியில் மயில்துத்தக் கரைசலையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் கலந்து வைத்திருந்தான். கத்தியை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தான். செம்பு நிறம் ஏறியிருந்தது. அப்படி ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே இலையைக் கருக்கிவிடும் என்று அம்மாவுக்கு விளக்கினான். மில் வேலை முடிந்து போகும் மாலை நேரத் தோட்டக்கலை வகுப்பில் கற்றது. சரியாகத்தான் கற்றோமா என்ற சந்தேகத்தில், சுண்ணாம்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டான்.

சுவரோரம் நின்ற எலுமிச்சையின் இலையிலும் காயிலும் பழுப்புப் பழுப்பாகச் சொறி. மகள் காலை ஒடித்துக்கொண்டாள் என்று சித்திரையில் சேத்தூர் போன இருளாயி, ஆனிக் கடைசியில், முந்தாநாள்தான் ராஜபாளையம் திரும்பியிருந்தாள். வந்ததும் மரத்தைப் பார்த்தாள். காரணத்தையும் சொல்லிவிட்டாள். மருமகள் வேலுத்தாய் வீட்டுக்குத் தூரமான நாட்களில் மரத்தைத் தொட்டிருக்கிறாள்.

அந்த மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பின்கட்டில் ஒதுங்கி உட்காருவது இருளாயி வீட்டு வழக்கம். செடிகொடிப் பக்கம் போகக் கூடாது.

தீர்ப்பும் ஆகிவிட்டது. வேலுத்தாய் சாயங்கால பஸ்ஸில் மம்சாபுரத்துக்கு, தாய் வீட்டுக்குப் போக வேண்டும். மரம் புதிதாகத் தளிர்த்த பிறகு வரலாம். தளிர்க்காவிட்டால் என்ன என்பதை இருளாயி சொல்லவில்லை.

வேலுத்தாய் கொல்லை வாசலில் துணிப்பையோடு நின்றாள்.

"இது நோய்ம்மா. கோடை மழையில பரவுது. ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாய ஆபீஸ்ல இலையைக் காட்டிக் கேட்டுட்டுத்தான் வந்தேன்," என்றான் சங்கையா. சொறி பிடித்த கிளைகளை வெட்டி எரித்ததைச் சொன்னான். இலையின் நரம்பு பச்சையாக இருக்க நடுவில் வெளுப்பது துத்தநாகச் சத்துக் குறைவு, அதற்கு வேறு மருந்து என்றும் சொன்னான்.

"ஆபீஸரு வந்து நம்ம வீட்டுல யாரு தூரம், யாரு கிட்டன்னு பாத்தாராக்கும்? மழை நமக்கு மட்டுமா பேஞ்சுச்சு? பக்கத்து வீட்டு மரம் பளபளன்னு நிக்கி."

பக்கத்து வீட்டில் நிற்பது கொய்யா என்று சங்கையா மெதுவாகச் சொன்னான். அது அவள் காதில் ஏறவில்லை.

"ஏட்டி, மரத்தத் தொட்டியா இல்லியா?"

"நான்தான அத்தே தண்ணி ஊத்துனேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

இருளாயி மகன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியா? இப்ப நீ சொல்லு. பொண்டாட்டிக்காகப் பொய் சொல்லப்படாது. நான் போனதுல இருந்து இவ ஒரு நாளாவது ஒதுங்கி உக்காந்தாளா?"

சங்கையா யோசிக்காமல் பதில் சொல்கிறவன் அல்ல. சித்திரை, வைகாசி, ஆனி என்று ஒவ்வொரு மாதமாக நினைத்துப் பார்த்தான். அவள் சமைக்காத நாள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. மரத்தடிக்குப் போகாத நாளும் இல்லை. ஏதாவது விட்டுப்போயிற்றா என்று மறுபடியும் முதலிலிருந்து யோசித்தான். பிறகு மனைவியைப் பார்க்காமல், "இல்லம்மா," என்றான்.

"அம்புட்டுத்தான். பெத்த பிள்ளையே சொல்லிட்டான். கெளம்புட்டி, பஸ்ஸு போயிரும்."

வேலுத்தாய் கிளம்பவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"நாலாம் மாசம் பொறக்கட்டும், பொறவு சொல்லுவோம்னு இருந்தேன் அத்தே," என்றாள். "தூரமானாத்தான ஒதுங்கி உக்கார?"